முந்நீர்ச் செலவும் இல்லறத் துணையும்

கணவனும் மனைவியும் ஒருங்கு புறப்பட்டு நெடுந்தொலை செல்லுதல் தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. தலைவியை உடன்கொண்டு தலைவன் சுரங்கடந்து செல்லும் செலவினைச் சங்கச் சான்றோர் பலபடப் பாடினர். பொருளிழந்த வணிகன் ஒருவன் தன் மனைவியுடன் ஊரைவிட்டுப் புறப்பட்ட செலவின்மீதே சிலப்பதிகாரக் கதை திரும்புகின்றது. ஆயினும் இச்செலவுகள் யாவும் நிலத்தின் மேல் நிகழ்ந்தவை. கடல் கடந்து நெடுநாள் செல்லும் இணையரை நம் பழைய இலக்கியத்திற் காண்டல் அரிது. கடலை அறியாத மக்களின் இலக்கியமாயின் இதனை வியத்தற்கு இடமில்லை. கொற்கையும் புகாரும் முசிறியும் தொண்டியும் கொண்டு, கலஞ்செலுத்தும் தொழிலில் தலைநின்ற மக்களின் இலக்கியத்தில் இவ்விடம் வெற்றிடமாய் இருப்பது ஏன்? இவ்வினாவை எழுப்பி, அதற்குரிய விடையை இலக்கியத்தின் உள்ளமைப்பிலேயே தேடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விதியும் உரைகளும்

இவ்வாராய்ச்சிக்கு அடிநிலையாவது தொல்காப்பிய அகத்திணையியலிற் காணப்படும் சிறு நூற்பா ஒன்று. கடல்வழிச் செல்லும் செலவு பெண்ணொடு கூடி நிகழ்தல் இல்லை என்பது அதன் பொருள். அளவாற் சிறிதாயினும் இந்நூற்பா எழுப்பிய கருத்து வேற்றுமை பெரிது.

இளம்பூரணர் இதனை நேரே கடற்செலவு பற்றியதாகக் கொண்டார். பொருள் தேடிக் கலமேறிப் பிரியுங்கால் தலைவியை உடன்கொண்டு செல்லுதல் இல்லை. எனவே காலால் நடந்து செல்லும் பிரிவில் அவளை உடன்கொண்டு செல்லுதலும் பொருந்தும் என்பது அவர் உரையாற் போதரும். நச்சினார்க்கினியரோ, முந்நீர் என்னும் சொல்லைக் கடலெனக் கொள்ளாது மூன்று நீர்மை எனப் பிரித்தார். ஓதல், தூது, பொருள் ஆகிய மூன்றன் பொருட்டுச் செல்லும் எச்செலவிலும் தலைவி உடன்செல்லுதல் இல்லை என்பது அவர்தம் கருத்து.

இவ்விரண்டனுள் இளம்பூரணர் உரையே சொல்வழக்கிற்கு இயைந்தது. முந்நீர் என்பது சங்கச் செய்யுட்களிற் கடலையே குறித்து வருதல் வெளிப்படை. ஆயினும் நச்சினார்க்கினியரைச் சொல்லை வலிந்து பொருள்கொண்டார் என்று ஒதுக்கிவிடுதல் முறையாகாது. நிலவழியில் உடன்செல்லலாம் என்றால் நீர்வழியில் மட்டும் விலக்குவானேன் என்னும் இடர்ப்பாடு அவர் உள்ளத்தில் தோன்றியிருத்தல் வேண்டும். இடர்ப்பாடு உண்மையானதே, அதனைத் தீர்க்க அவர் கொண்ட வழியே நமக்கு உடன்பாடன்று. கடலுக்கும் காட்டிற்கும் உள்ள வேறுபாடு யாது என்பதை ஆராய்ந்தாலன்றி இந்நூற்பாவின் உட்பொருள் விளங்காது.

பிற்காலத்துச் சமூக வரலாறு எழுதினோர் சிலர் இந்நூற்பாவைச் சமுதாயச் சட்டமாகவே கொண்டனர். பண்டைத் தமிழ்ப் பெண்டிர் கடல் கடந்திலர் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுதலும் உண்டு. தொல்காப்பியனார் அகத்திணையியலில் வகுப்பது நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்த புலனெறி வழக்கம் என்பதை அவர்கள் எண்ணினாரல்லர். செய்யுளில் இன்னது நிகழ்தல் இல்லை என்பதும், உலகில் இன்னது நிகழ்தல் கூடாது என்பதும் ஒன்றல்ல. இந்நூற்பா செய்யுள் பற்றியதே என யாம் கருதுகின்றோம். அங்ஙனம் கருதுதற்குரிய காரணத்தை உடன்போக்குச் செய்யுட்களே தருகின்றன.

உடன்போக்கின் அமைதி

உடன்போக்கு என்பது இருவர் செல்லும் செலவு. ஆயின் அச்செய்யுட்களிற் பேசுவோர் யாவர் என வகைப்படுத்திப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். செல்லும் இருவர் பேசுவதினும், இருந்து வருந்துவோரும் இடைவழியிற் கண்டோரும் பேசுவதே மிகுதி.

ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைத்திணைப் பகுதியை நோக்குக. மகள் போயின பின்னர்த் தாய் இரங்குவதாக ஒரு பத்து. உடன்போக்கின்கண் இடைச்சுரத்தில் உரைத்தனவாக ஒரு பத்து. அவர்கள் மீண்டு வருதல் பற்றி ஒரு பத்து. முதற்பத்து முழுவதும் வீட்டில் எஞ்சிய தாயின் குரலாகும். இடைச்சுரத்துப் பத்தில் வழியிற் கண்டோர் பேசுகின்றனர். தலைவியும் பேசுகின்றாள், ஆயின் எதிர்வரும் அந்தணரிடம் தன் ஊருக்குச் செய்தி சொல்லியனுப்பவே பேசுகின்றாள். அவள் கால் முன்னோக்கிச் செல்ல, சொல் பின்னோக்கிச் செல்கின்றது.

புறப்பாட்டிற்கு முன்னைய நிலையை நற்றிணையிற் கயமனார் பாடிய பாட்டொன்று காட்டும். தயிர் கடையும் விடியற்பொழுதில், பிறர் அறியாவண்ணம் புறப்படக் கருதிய தலைவி தன் காற்சிலம்பைக் கழற்றுகின்றாள். அதனைத் தான் விளையாடும் பந்தோடு சேர்த்து ஓரிடத்தில் வைக்கச் செல்கின்றாள். பின்னர் இவற்றைக் காணும் ஆயத்தார் எத்துணை வருந்துவரோ என்னும் நினைவால் அவள் கண்கள் நீர் நிறைகின்றன. நெடுஞ்செலவிற்கு ஆயத்தம் செய்வார் எதனை எடுத்துக்கொள்வது என்று எண்ணுவது உலக இயல்பு. இப்பாட்டோ எதனை விட்டுச்செல்வது என்பதிலே நிற்கின்றது. விட்டுச்சென்ற பொருள் எஞ்சியோரிடம் என்ன பேசும் என்பதே அங்குக் கருத்தாகின்றது. இதனைத் தோழி தலைவனுக்கு எடுத்துரைத்து, அச்செலவையே தடுத்து நிறுத்துகின்றாள் என்பதும் நோக்கத்தக்கது.

செல்வோரும் தம்முட் பேசிக்கொள்ளும் பாட்டுக்கள் இல்லையோ எனின், உண்டு. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடிய நற்றிணைப் பாட்டொன்றில் தலைவன், விரைந்து வருந்தாது நிழல் கண்டவிடத்துத் தங்கியும் மணல் கண்டவிடத்து விளையாடியும் செல்லலாம் எனத் தலைவியைத் தேற்றுகின்றான். இருவர் கூடிச் செல்லும் செலவின் இன்பத்தை இதனினும் எளிமையாகச் சொல்லுதல் அரிது. ஆயினும் இவ்வின்பம் யாதாற் பிறந்தது? நிழலும் மணலும் சோலையும் ஊரும் ஆங்காங்கே குறுக்கிடுதலாற் பிறந்தது. நிலவழி நிறுத்தி நிறுத்திச் செல்லத்தக்கது. நிற்குமிடந்தோறும் பேச்சுக்கு இடமுண்டு.

இனிக் கலித்தொகையிற் செவிலி மகளைத் தேடிச் சுரத்திடைச் செல்லும் பாட்டை நினைவு கூர்க. எதிர்வந்த முக்கோற் பகவரிடம் தன் மகளையும் அவளுடன் சென்ற இளைஞனையும் கண்டீரோ என வினவுகின்றாள். கண்டோம் என்ற அவர்கள், மலையிற் பிறந்த சந்தனமும் கடலிற் பிறந்த முத்தும் யாழிற் பிறந்த இசையும் தாம் பிறந்த இடத்திற்குப் பயன்படாமை காட்டி, அவளைத் தேற்றி மீளச் செய்கின்றனர். இப்பாட்டு நிகழ்தற்கு மூன்று இன்றியமையாதன: பின்தொடரும் செவிலிக்கு ஒரு வழி, எதிர்வருவோர்க்கு அதே வழி, இரு திறத்தாரும் சந்திக்கும் ஓரிடம்.

கடலில் இம்மூன்றும் இல்லை. கலம் கரையை நீங்கிய பின்னர்ச் செவிலி தொடர்தற்கு வழியில்லை. எதிர்வந்து கண்டேன் என்று கூறும் கண்டோரும் இல்லை. தோழியர்க்குச் செய்தி கொண்டுசெல்லும் அந்தணரும் இல்லை. உடன்போக்கு என்னும் நாடகத்தின் மாந்தர் அனைவரும் கரையோடு நின்றுவிடுகின்றனர். தலைவன் தனித்துக் கலமேறினால் தலைவி கரையில் இருந்து பேசுவாள், பாட்டுப் பிறக்கும். இருவரும் கலமேறினால் தாயும் தோழியும் ஒருமுறை அரற்றுதலன்றி, அவ்வரற்றல் சென்று சேரும் இடமும், விடை மீளும் வழியும் இல்லையாகின்றன. ஆகவே தொல்காப்பியனார் விலக்கியது பெண்ணின் கடற்செலவையன்று. கூற்று நிகழ்தற்கு இடமில்லாத ஒரு துறையை அகப்பொருளினின்று அவர் விலக்கினார் என்பதே பொருந்துவதாகும்.

கரையில் நின்று காணும் கலம்

இக்கருத்தை அகநானூற்றில் மதுரை மருதன் இளநாகனார் பாடிய பாட்டொன்று உறுதி செய்யும். பெருங்கலம் ஒன்று கடலைப் பிளந்து செல்லுதலும், இரவும் பகலும் ஓயாத காற்று அதனை உந்துதலும், உயர்ந்த மாடத்தில் எரியும் விளக்கொளியை அடையாளமாகக் கொண்டு நீகான் அதனைச் செலுத்துதலும் அதிற் சொல்லப்படுகின்றன. கலத்தின் செலவை இத்துணை நுட்பமாகக் கூறுபவர் யாவர்? கலத்தில் உள்ளவர் அல்லர்; பொருள்வயிற் பிரிந்த தலைவனை எண்ணிக் கரையில் இருக்கும் தலைவி. அவள் கண்டதோ கலம் சென்ற திசை மட்டுமே. ஏனைய யாவும் அவள் உள்ளம் கண்டவை. கடற்செலவின் பாட்டு, செல்லாதவள் வாயிற் பிறந்தமையே இதன் சிறப்பாகும்.

பட்டினப்பாலையை இதனோடு ஒப்பிடுதல் பயன்தரும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 301 அடிகளில் பெரும்பகுதி புகாரின் வளம் கூறுவது. கடல்வழி வந்த குதிரையும், வண்டிவழி வந்த மிளகுப் பொதியும், தென்கடல் முத்தும், கீழ்க்கடற் பவளமும், ஈழத்து உணவும், காழகத்துப் பொருளும் அங்குக் குவிந்து கிடக்கின்றன. கலங்கள் நிறைந்த துறை கண்முன் உள்ளது. ஆயின் பிரியக் கருதும் தலைவன் செல்லக் குறித்த வழி காட்டு வழியே. அதன் வெம்மையைத் திருமாவளவன் வேலினும் வெய்யதாகச் சொல்லி, தலைவியின் தோளோ அவன் செங்கோலினும் தண்ணிது எனச் சொல்லி, அவன் செலவைத் தவிர்கின்றான். துறைமுகத்தைப் பாடும் புலவரும் பிரிவைப் பாடுங்கால் காட்டிற்கே திரும்புதல், அகத்துறை தன் இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் திறத்தைக் காட்டுகின்றது.

காப்பியங்களிற் செலவு

தனிப்பாட்டிற்குக் கூற்று வேண்டும். காப்பியத்திற்கு அது வேண்டுவதில்லை. கதை கூறும் புலவன் தானே செல்வோருடன் செல்லலாம். ஆகவே கடற்செலவு பற்றிய வரையறை காப்பியத்தில் நெகிழ்ந்திருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பு. அது நெகிழ்ந்ததா என்று காண்பாம்.

கண்ணகி மாநாய்கன் மகள். கோவலனும் பெருவணிகர் குடியிற் பிறந்தவன். அவன் முன்னோன் ஒருவன் கடலிற் கலமிழந்து மணிமேகலா தெய்வத்தால் உய்ந்தவன் என்று நூலே கூறும். இத்தகையோர் இருவர் பொருளிழந்த காலத்தில் கடலை நோக்காது நிலவழியே மதுரைக்குச் செல்கின்றனர். அவர்தம் ஆயத்தம் மிகச் சிறிது. சிலம்பு உண்டு என்கின்றாள் மனைவி. அதுவே முதலாகும் என்கின்றான் கணவன். அன்று வைகறையிலேயே புறப்பாடு. பெற்றோரிடம் விடைபெறவில்லை. மணிவண்ணன் கோயிலையும் புத்தர் விகாரங்களையும் அருகன் சிலாதலத்தையும் கடந்து, காவிரிக் கரைவழியே ஒரு காதம் நடந்தவுடன், மதுரை என்னும் பழம்பதி யாது என இளைப்புடன் வினவுகின்றாள் கண்ணகி. தொலைவை அணிமைபோலத் தோன்றச் சொல்லி நகுகின்றான் கோவலன். ஆயத்தமின்றிப் புறப்பட்ட இருவருள் ஒருத்திக்கு வழியின் நீளமே தெரியாது என்பதை இளங்கோவடிகள் இவ்வொரு வினாவாற் புலப்படுத்தினார்.

ஈண்டும் எஞ்சியோர் குரல் அவர்களைத் தொடர்கின்றது. மதுரைப் புறஞ்சேரியை அடையுமுன்னர்க் கோசிகமாணி எதிர்ப்படுகின்றான். மாணிக்கம் இழந்த நாகம்போலப் பெற்றோர் வருந்துதலையும், இராமன் நீங்கிய அயோத்திபோலப் புகார் நகரம் பேதுற்றமையையும் சொல்லி, மாதவியின் ஓலையையும் தருகின்றான். ஐங்குறுநூற்று அந்தணர் ஊருக்குச் செய்தி கொண்டு சென்றனர். கோசிகன் ஊரிலிருந்து செய்தி கொணர்கின்றான். அகத்துறையின் அமைப்புக் காப்பியத்தினுள்ளும் புகுந்து நிற்கின்றது. கோவலனும் கண்ணகியும் கலமேறியிருப்பின் கோசிகனுக்குக் காப்பியத்தில் இடமில்லை. பெற்றோரைக் கலங்கவைத்த தன் பிழையை எண்ணிக் கோவலன் தளர்தற்கும் இடமில்லை.

மணிமேகலையிற் கடல் மிகுதி. ஆயின் அங்கும் ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. பொருளிழந்த சாதுவன் வணிகரோடு கலமேறுகின்றான். அவன் மனைவி ஆதிரை கரையில் இருக்கின்றாள். கலம் உடைந்து அவன் இறந்தான் என்று உய்ந்து வந்தோர் உரைக்க, அவள் தீப்புகுகின்றாள்; தீ அவளைச் சுடாதொழிகின்றது. அவன் உயிரோடுளன் என்னும் உண்மையை வானொலி ஒன்றே அவட்கு உணர்த்துகின்றது. நிலவழியாயின் கண்டோர் வந்து சொல்லியிருப்பர். கடலிற் கண்டோர் இன்மையால் வானமே பேசவேண்டியதாயிற்று. நாகநாட்டுப் பீலிவளையோ மணிபல்லவத்தில் தன் மகனைக் கம்பளச்செட்டியின் கலத்தில் ஏற்றுகின்றாள், தான் ஏறினாளில்லை. மணிமேகலையே கடல் கடக்கின்றாள். ஆயின் வான்வழியே கடக்கின்றாள். புண்ணியராசன் கலமேறி மணிபல்லவம் வர, அவள் விசும்பிற் சென்று அவனை எதிர்கொள்கின்றாள். பெண்ணைக் கடல் கடத்தவேண்டிய இடத்திலும் சாத்தனார் அவளுக்குக் கலத்தைத் தராது மந்திரத்தைத் தந்தது தற்செயலாகத் தோன்றவில்லை.

சீவகசிந்தாமணியிற் சீதத்தன் காந்தருவதத்தையைக் கலத்தில் அழைத்துவருதல் இதற்கு விலக்காகாதோ எனலாம். அவள் அவன் மனைவியல்லள். யாழ்ப்போரில் வெல்வானுக்கு மணமுடிக்குமாறு தந்தையால் ஒப்படைக்கப்பெற்ற மகள். மேலும் அக்கதை வடபுலத்துச் சமண மரபினின்று வந்தது. கணவனும் மனைவியும் கலந்துபேசி, ஆயத்தம் செய்து, ஒரு கலத்தில் ஏறும் காட்சி அங்கும் இல்லை.

பரமதத்தன் கலம்

இவ்வரையறையின் வேறொரு முகத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் காட்டுகின்றார். காரைக்காலம்மையார் வரலாற்றில், மாங்கனியின் அற்புதம் கண்ட பரமதத்தன் தன் மனைவி புனிதவதியை மானிடப் பெண் என்று எண்ண அஞ்சுகின்றான். அவளை நீங்கக் கருதியும் அக்கருத்தை எவர்க்கும் சொல்லவில்லை. கடல்மேற் சென்று பொருளீட்டி வருவேன் என்கின்றான். சுற்றத்தார் மகிழ்ந்து கலம் சமைத்துத் தருகின்றனர். கலந்தொழில் வல்லாரைச் சேர்த்துக்கொள்கின்றான், சென்றடையும் நாட்டில் விரும்பப்படும் பண்டங்களை நிறைக்கின்றான், கடற்றெய்வத்தை வழிபடுகின்றான், நல்ல நாளிற் புறப்படுகின்றான்.

கடற்செலவின் ஆயத்தத்தை இத்துணை முறையாக எடுத்துக்கூறும் பகுதிகள் தமிழிலக்கியத்தில் மிகச் சில. கோவலன் செலவில் ஆயத்தம் இல்லை, மனைவி உடனிருந்தாள். பரமதத்தன் செலவில் ஆயத்தம் யாவும் உண்டு, மனைவி இல்லை. அவள் உடன்வருவாளோ என்று எவரும் வினவவும் இல்லை. அவ்வினா எழாது என்பதை அறிந்தே அவன் கடலைத் தேர்ந்தான் எனலாம். நிலவழியே பெயர்ந்து வாழச் சென்றிருப்பின் மனைவியை உடன்கொள்க என்று சுற்றத்தார் சொல்லியிருத்தல் கூடும். பாட்டின் வரையறையாகத் தோன்றிய ஒன்று, இங்கே ஓர் ஆடவன் சொல்லாது நீங்குதற்குத் துணையாகின்றது.

அவன் மீண்டு பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் தங்கி, வேறு மணஞ்செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதியின் பெயரையே இட்டான். செய்தி அறிந்த சுற்றத்தார் புனிதவதியைச் சிவிகையில் ஏற்றி அப்பட்டினத்திற்கு அழைத்துச் செல்கின்றனர். கணவன் போன வழி கடல். மனைவி தொடர்ந்த வழி நிலம். இரண்டு வழியும் கூடிய இடத்தில் இல்லறம் முடிகின்றது. சேக்கிழார் இதனை வெளிப்படக் கூறினாரல்லர். கதையின் நடையே அதனைக் கூறுகின்றது.

பிற்காலச் செலவும் இலக்கியத்தின் மௌனமும்

இதுகாறும் கூறியவை இலக்கண ஆராய்ச்சியோடு முடிந்துவிடுவனவல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்ப்பெண்டிர் பல்லாயிரவர் உண்மையாகவே கலமேறினர். மொரீசியசுத் தீவிற்கு 1834 முதலும், நேட்டாலுக்கு 1860 முதலும் ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிர் என்னும் அளவினை அக்கால ஆட்சி விதித்தது. அவருட் கணவனோடு சென்றாரும் உண்டு; தனித்துச் சென்றாரும் உண்டு; கப்பலுக்குக் காத்திருந்த விடுதியிலேயே இணைந்து இணையராய்ப் பதிவு செய்துகொண்டாரும் உண்டு. மலாயாவுக்குச் செல்வோர் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும், இலங்கைக்குச் செல்வோர் மண்டபத்திலும் முகாம்களில் தங்கி, உடற்சோதனைக்கு உட்பட்டே புறப்பட்டனர். அவர்தம் ஆயத்தம் இதுவே.

மறுபுறம், பருமாவிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் தனித்துச் சென்று மீண்டனர். மனைவியர் செட்டிநாட்டில் இருந்து இல்லம் காத்தனர். ஒரே கடலில், பொருளுடையோர் செலவு பழைய வழக்கைப் பின்பற்றியது. பொருளற்றோர் செலவு அதனை மீறியது. ஏட்டில் ஏறிய வழக்கு எவருடைய வாழ்க்கையை ஒட்டியது என்பதற்கு இஃதொரு குறிப்பாகும்.

இப்பெண்டிரை நம் இலக்கியம் எங்ஙனம் ஏற்றது? பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்டிரைப் பாடினார். நெஞ்சை உருக்கும் அப்பாட்டின் அமைப்பை நோக்கின், பழைய மரபே அதிலும் நிற்றல் காணலாம். பாடுவோன் இக்கரையில் இருக்கின்றான். அப்பெண்டிர் அழும் குரலை அவன் கேட்டானல்லன். கேட்டிருக்கக்கூடிய காற்றை அழைத்துப் பேசுகின்றான். இடைச்சுரத்துக் கண்டோர் நின்ற இடத்தில் இங்குக் காற்று நிற்கின்றது. ஆதிரைக்கு வானொலி வந்தது போன்று பாரதியார்க்குக் காற்றொலி வேண்டியதாயிற்று. கலமேறிச் சென்ற பெண்ணின் வாய்ச்சொல் அப்பெருங்கவிஞருக்கும் எட்டவில்லை.

ஈண்டுத்தான் நூற்பாவைச் சட்டமாகக் கொண்டதன் தீங்கு வெளிப்படுகின்றது. தமிழ்ப்பெண் கடல் கடந்திலள் என்று கொண்டால், கடந்தவள் விலக்காகின்றாள். விலக்கானவள் பேசியதைத் தேடுவார் இல்லை. செய்யுளின் வரையறை என்று கொண்டால், அவ்வரையறை எங்கே முடிகின்றதோ அங்கே புதிய இலக்கியம் தொடங்கவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு எழும். அப்போது தேயிலைத் தோட்டத்துப் பெண்டிரின் பாட்டும், பால்மரக் காட்டுத் தாலாட்டும், ஒப்பாரியும் இலக்கிய வரலாற்றின் ஓரத்தில் வைக்கத்தக்க நாட்டுப்புறச் செல்வமாக மட்டும் இரா. தொல்காப்பியனார் இடமில்லையென்று விட்ட துறையை நிறைத்த முதற் செய்யுட்களாக அவை நிற்கும். கலத்தினுள்ளிருந்தும் அக்கரையிலிருந்தும் எழுந்த கூற்றுக்கள் அவை.

எழுத்திலக்கியத்திலும் இம்மாற்றம் மெல்ல வந்தது. உலகம் சுற்றி வந்த ஏ. கே. செட்டியார் முதலானோர் தொடக்கத்தில் எழுதிய பயண நூல்களில் ஆடவர் தனிச்செலவே மிகுதி. திரிபுரசுந்தரி என்னும் இயற்பெயருடைய இலட்சுமி, திருமணத்தின் பின்னர்த் தென்னாப்பிரிக்காவிற் பல்லாண்டு வாழ்ந்து மீண்டவர். அவர்தம் ஒரு காவிரியைப் போல என்னும் நாவல் 1984இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. கணவனோடு கடல் கடந்த பெண், கரையிலிருப்போர் தன்னைப் பற்றிப் பேசக் காத்திராது தானே எழுதினாள் என்பது இலக்கிய வரலாற்றிற் குறிக்கத்தக்க நிகழ்ச்சியாகும்.

முடிபு

மேற்கூறியவற்றால், கடற்செலவு பற்றிய தொல்காப்பிய நூற்பா பெண்ணை விலக்கிய சட்டமன்று என்பதும், கூற்றுக்கு இடமில்லாத ஒரு செலவை அகத்துறையினின்று நீக்கிய செய்யுள் வரையறை என்பதும் பெறப்படும். சங்கப் பாட்டு அவ்வரையறையுள் நின்று, கரையிலிருப்போர் நெஞ்சை நிகரற்ற வகையிற் பாடிற்று. காப்பியங்கள் அதனை மீறும் வாய்ப்பிருந்தும் மீறாமல், பெண்ணை நிலத்திலோ வானத்திலோ செலுத்தின. சேக்கிழார் காலத்தில் அது கணவனின் கரந்த பிரிவிற்குப் பயன்பட்டது. பின்னைக் காலத்தில், உண்மையாகவே கலமேறிய பெண்டிரை அது கண்ணினின்று மறைத்தது.

இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களினின்றும் கணவனும் மனைவியும் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் பெற்று, அயல்நாட்டில் வாழும் மக்களோடு சில திங்கள் தங்கிவரப் புறப்படுகின்றனர். மகள் போன வழியை நோக்கி அழுத தாய், தானே கணவனுடன் அவ்வழிச் செல்கின்றாள். பழைய உடன்போக்கின் மாந்தர் இங்கு இடம்மாறி நிற்கின்றனர். எதனை எடுத்துச் செல்வது, வீட்டை எவரிடம் ஒப்படைப்பது, முதுமையில் அக்கரைக் குளிரை எங்ஙனம் தாங்குவது என அவர்கள் தம்முட் பேசும் பேச்சிற்கு நம் பொருளிலக்கணத்திற் பெயரில்லை. பெயரின்மை அப்பேச்சின் குறையன்று. முன்னையோர் வகுத்த துறைகளை ஓதுவதோடு அமையாது, அவர்கள் காணாத துறைகளுக்குப் பெயரிடுதலும் தமிழ் ஆராய்ச்சியின் கடனாகும். அக்கடனை ஆற்றத் தொடங்குவார், முதற்கண் கடல் கடந்த பெண்டிரின் பாட்டுக்களைத் தொகுத்து, தொல்காப்பிய அகத்திணையியலோடு ஒருங்குவைத்துக் கற்றல் வேண்டும்.